ஊசி போட்ட மூன்றாம் நாள் செத்த கோழிகள்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் ஆய்வகத்துக்குப் பேருந்து பார்சலில் செத்த கோழிகள் வரத் தொடங்கிவிடும். போன வாரம் வந்தது ஒரு பெருவிடைச் சேவல். ஜவுளிக்கடைப் பையில் போட்டு, மேலே சணல் சுற்றி, ஒரு துண்டு ஐஸ்கூட இல்லாமல் ஒன்றரை நாள் பயணம் செய்து வந்திருந்தது. பையைப் பிரித்தபோது என் மாணவி ஜன்னல் பக்கம் ஓடிவிட்டாள். உள்ளே ஒரு சீட்டு: “தடுப்பூசி போட்ட மூணாம் நாள் செத்தது. மொத்தம் 42 உருப்படி போச்சு. ஊசியைப் பரிசோதிக்கவும்.”

கோழியை இல்லையாம், ஊசியைப் பரிசோதிக்க வேண்டுமாம்.

இந்த வருடம் இதே புகாரோடு வந்த ஏழாவது ஆள் இவர். முதல் ஆறு பேரிடம் பொறுமையாகப் பேசினேன். இவரிடம் பேசி முடித்து போனை வைத்த பிறகுதான், எழுதியே போட்டுவிடலாம் என்று தோன்றியது.

நோய் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்றும் சொல்வோம். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் பதிவானதால் வெளிநாட்டில் நியூகாசில் நோய் என்பார்கள். அறிகுறிகளை விளக்கப் போவதில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு மூலையில் நிற்கும் கோழியைப் பார்க்காதவர்கள் கோழி வளர்ப்பவர்களில் இருக்க மாட்டார்கள்.

“ஊசியிலயும் அதே வைரஸ்தானே மேடம் உசுரோட இருக்கு? அப்ப அது கோழியக் கொல்லாதா?” இந்தக் கேள்வி நியாயமானது. கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பதிலைக் கேட்காமலே ஊர் முழுக்கச் சொல்லிவிடுபவர்கள் மேல்தான் கோபம்.

இந்த வைரஸின் மேலுறையில் எஃப் என்று ஒரு புரதம் இருக்கிறது. கோழியின் செல்லுக்குள் வைரஸ் நுழைய வேண்டுமென்றால், அதன் உறையை செல்லின் சவ்வோடு ஒட்டவைக்க வேண்டியது இந்தப் புரதம்தான். ஆனால் தயாராகும்போது அது ஒரே நீளத் துண்டாகத்தான் வரும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டி இரண்டாக்கினால்தான் வேலை செய்யும். வெட்டாத புரதத்தோடு வெளியே வரும் வைரஸ் அடுத்த செல்லுக்குள் போக முடியாது. வேடிக்கை என்னவென்றால், வெட்டுவதற்கு இந்த வைரஸிடம் சொந்தமாகக் கத்தரி கிடையாது. கோழியின் நொதிகளைத்தான் கத்தரியாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. எந்தக் கத்தரி பொருந்தும் என்பது அந்தச் சங்கிலியின் 112 முதல் 117 வரையிலான ஆறே அமினோ அமிலங்களைப் பொறுத்தது. லசோட்டா, எஃப் (இது மேலே சொன்ன புரதம் இல்லை, ஒரு தடுப்பூசி வைரஸின் பெயர்) போன்ற சாதுவான தடுப்பூசி வைரஸ்களில் வெட்டு விழும் இடத்தில் ஆர்ஜினின் என்ற ஓர் அமினோ அமிலம் மட்டும் நிற்கும். அதை வெட்ட டிரிப்சின் வகை நொதி வேண்டும். அது கோழியின் மூச்சுப்பாதையிலும் குடலிலும்தான் இருக்கிறது. அதனால் அந்த வைரஸ் அங்கேயே கொஞ்சம் பெருகி, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டு அடங்கிவிடும். கொல்லும் வைரஸில் அதே இடத்தில் ஆர்ஜினினும் லைசினுமாக நெருக்கியடித்து நிற்கும், 117இல் ஃபீனைல் அலனின் வரும். இதை வெட்டுவது ஃபியூரின் என்ற நொதி. ஃபியூரின் இல்லாத செல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக அது மண்ணீரல், மூளை என்று போகிற இடமெல்லாம் பெருகும். கழுத்து திருகுவது மூளைக்குப் போனதால்தான்.

படிக்கிற காலத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். கோழிக்கரு செல்களை இரண்டு தட்டுகளில் வளர்த்து, இரண்டிலும் லசோட்டா வைரஸை விட்டோம். ஒன்றில் மட்டும் கொஞ்சம் டிரிப்சின் சேர்த்தோம். நான்காம் நாள் சாயம் ஊற்றிக் கழுவியபோது, டிரிப்சின் இல்லாத தட்டு கழுவித் துடைத்த தரைபோல் ஒரே சீராக நீலமாக இருந்தது. மற்றதில் வைரஸ் செல்களைக் கொன்ற இடமெல்லாம் மழை பெய்த மணல்போல் குழி குழியாக ஓட்டைகள். இரண்டிலும் ஒரே வைரஸ், ஒரே செல். வித்தியாசம் அந்தக் கத்தரி மட்டும்தான்.

வாசிக்கிறவர்களில் யாராவது கேட்பீர்கள்: சாதுவான வைரஸ் மாறிக் கொல்கிற வைரஸாக ஆகாதா? ஆகியிருக்கிறது. 1998இல் தொடங்கி ஆஸ்திரேலியாவில் கொத்துக்கொத்தாகக் கோழிகள் செத்தபோது, அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த சாதுவான வைரஸ் ஒன்று அந்த வெட்டுமிடத்தில் மாற்றம் அடைந்திருந்தது தெரியவந்தது. கிளைசின் ஆர்ஜினினாகவும், லியூசின் ஃபீனைல் அலனினாகவும் மாறியிருந்தன, அவ்வளவுதான். ஆனால் அது வெளியே தானாகச் சுற்றிய வைரஸ், தடுப்பூசி வைரஸ் இல்லை. உங்கள் ஊர்த் தடுப்பூசி முகாமில் போட்ட ஊசி மூன்றே நாளில் அப்படி மாறி 42 கோழியைக் கொன்றது என்பது வேறு கதை.

இன்னொரு தலைவலி, டெட்ராசைக்ளின். கழிச்சல் கண்டதும் மருந்துக்கடைக்கு ஓடி பாக்டீரியாவுக்கான பொடியை வாங்கித் தண்ணீரில் கலக்கிவிடுகிறார்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது. எச்ஐவிக்குத் தன் புரதத்தை வெட்டச் சொந்தக் கத்தரி உண்டு, அதை முடக்க மாத்திரையும் உண்டு. இங்கே கத்தரி கோழியுடையது. அதை எதைக் கொடுத்து முடக்குவீர்கள்? கூடவே வரும் பாக்டீரியா தொற்றுக்காக மருத்துவர் ஏதாவது எழுதிக் கொடுத்தால் அது தனி விஷயம்.

சரி, சேவலுக்கு வருவோம். முகாமில் போட்டது கே வகைத் தடுப்பூசி. இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கே, அதைப் போலவே பெரிய கோழிக்குப் போடும் ஆர்2பி இரண்டுமே லசோட்டா மாதிரி பரம சாதுவான வைரஸ்கள் இல்லை, நடுத்தர வீரியம் உள்ளவை. வெட்டுமிடத்தில் அவற்றுக்கும் ஆர்ஜினின், லைசின் கூட்டம் உண்டு. அதனால் அந்த ஆறு அமினோ அமிலங்களை மட்டும் படித்துவிட்டு “இது தடுப்பூசி வைரஸ் இல்லை” என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் போட்டு வருகிற பிசிஆர் அறிக்கையைக் காட்டி ஊசியைக் குற்றம் சொல்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: தடுப்பூசி போட்ட கோழியில் ஒன்றிரண்டு வாரத்துக்கு பாசிட்டிவ் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

சேவலில் இருந்த வைரஸின் எஃப் புரதத்துக்கான மரபணுவை முழுதாகப் படித்தோம். தடுப்பூசி வைரஸோடு ஒட்டவே இல்லை. இந்தியாவில் சுற்றிக்கொண்டிருக்கும் 13ஆம் மரபு வகை. போன் போட்டுக் கேட்டேன்: “தம்பி, ஊசிக்கு முன்னாடி புதுசா கோழி ஏதாச்சும் வாங்கினீங்களா?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “ஒரு சேவல் மேடம், சந்தையில. ஊசிக்கு நாலு நாள் முன்னாடி. நல்லாத்தான் இருந்துச்சு.” நல்லாத்தான் இருக்கும். வைரஸ் உள்ளே போய் நோய் வெளியே தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாள் பிடிக்கும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். ஊசி வேலை செய்யவோ பத்துப் பதினைந்து நாள் வேண்டும். ஊசிக்கு முன்பே நோய் பஞ்சாரத்துக்குள் வந்துவிட்டது. பழி ஊசி மேல் விழுந்தது. இதற்குள் அவர் மச்சான் ஊர் வாட்ஸ்அப் குழுவில் “யாரும் ஊசி போடாதீங்க” என்று குரல் பதிவு போட்டு, பக்கத்துத் தெருவில் பாதிப் பேர் முகாமுக்கே வரவில்லை.

ஊசி மேலும் தப்பு வர வழி உண்டு, மறைக்கவில்லை. கே, ஆர்2பி ஊசியை பத்து நாள் குஞ்சுக்குப் போட்டால் குஞ்சு துவண்டு சாகும். அது பெரிய கோழிக்கான மருந்து. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ எஃப் அல்லது லசோட்டா ஒரு சொட்டு. நான்காவது வாரம் மறுபடியும் லசோட்டா. எட்டு வாரம் முடிந்த பிறகுதான் இறக்கைத் தோலுக்கு அடியில் கே. ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்கம் செய்துவிடுங்கள். தூங்கி வழிகிற கோழிக்கு ஊசி போடாதீர்கள், “எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுருங்க டாக்டர்” என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

மருந்துப் புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில் திரிந்தால் உள்ளே இருக்கும் வைரஸ் செத்துவிடும், பிறகு நீங்கள் போடுவது வெறும் தண்ணீர். ஐஸ் பெட்டியில் வைத்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். குடிநீரில் கொடுப்பதானால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது, கிணற்றுத் தண்ணீர் எடுங்கள். சொட்டு விடும்போது உங்கள் கண்ணில் தெறித்தால் கண் சிவந்து உறுத்தும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். ஆனாலும் கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

சந்தையில் வாங்கியதை மூன்று வாரமாவது தனியாகக் கட்டிவையுங்கள். தடுப்பூசி போட்ட கோழி சாகாமல் தப்பினாலும் வைரஸை எச்சத்தில் வெளியே விடக்கூடும். கழிச்சல் வந்ததும் அவசர அவசரமாகச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறீர்களே, அந்தச் சேவல்தான் யாரோ ஒருவர் வீட்டுக்கு இந்த 42ஐக் கொண்டுபோகிறது. செத்ததை வாய்க்காலில் வீசாதீர்கள், தயவுசெய்து. சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள்.

அப்புறம், பார்சல். செத்த கோழியைப் பேருந்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், மாதிரி எடுத்து முறைப்படி அனுப்புவது அவர்கள் வேலை. எங்களிடம் வரும்போது அதில் ஐஸ் இருக்கும், சீட்டில் கோழியின் வயது, ஊசி போட்ட தேதி, கடைசியாகக் கோழி வாங்கிய தேதி மூன்றும் இருக்க வேண்டும். கோழி வாங்கிய அந்தத் தேதியைத்தான் யாரும் எழுதுவதில்லை.