சுகர் மாத்திரையை மறைத்து எடுத்த ஆயுள் காப்பீடு: சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுள் காப்பீட்டு ஃபாரத்தில் உடல்நலம் பற்றிய பக்கம் ஒன்று உண்டு. சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை எடுத்தீர்களா, தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கும். அதை ஏஜென்ட்டே நிரப்பி, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்து, கையெழுத்து மட்டும் வாங்கிப் போகிற வழக்கம் தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களிலும் இருக்கிறது. அந்த 'இல்லை' பொய்யாக இருந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பது பாலிசிதாரர் இறந்தபின் கம்பெனி வாசலில் நிற்கும் மனைவியும் பிள்ளைகளும்தான். அதனால் இந்த விதியைப் பாலிசி எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கான சட்டம் 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், பிரிவு 45. 2015-இல் அதைத் திருத்தினார்கள். இப்போதுள்ள நிலை: பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டால், எந்தக் காரணத்தைச் சொல்லியும் கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது. மூன்று ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்தால், முக்கியமான விவரத்தை மறைத்தார் என்றோ மோசடி செய்தார் என்றோ சொல்லிப் பணத்தை மறுக்கலாம். ஆனால் காரணத்தையும் அதற்கான ஆதாரத்தையும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். வெறும் மறைப்பு என்றால், அதுவரை கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் நாமினிக்குத் திருப்பித் தர வேண்டும். மோசடி என்று நிரூபணமானால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. வேண்டுமென்றே மறைக்கவில்லை என்று காட்டும் பொறுப்பும், பாலிசிதாரர் உயிரோடு இல்லாதபோது, குடும்பத்தின் தலையில் விழுகிறது.

மூன்று ஆண்டு என்றதும் பலர் முதல் பாலிசி தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். அங்கேதான் பெரிய ஆபத்து. பாலிசி கொடுத்த தேதி, காப்பு தொடங்கிய தேதி, புதுப்பித்த தேதி, ரைடர் (பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் காப்பு) சேர்த்த தேதி ஆகியவற்றில் எது கடைசியோ அதிலிருந்துதான் கணக்கு. மாங்காய் சீசனையோ ராயக்கோட்டை தக்காளி விலையையோ நம்பிப் பிரீமியம் கட்டுகிற குடும்பத்தில் ஒரு வருஷம் தவணை விட்டுப்போவது சாதாரணம். அப்புறம் பணம் வந்ததும் பாலிசியைப் புதுப்பிப்பார்கள். அப்போது 'நலமாக இருக்கிறேன்' என்று இன்னொரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இடைப்பட்ட காலத்தில் சுகர் வந்திருந்தால் அதையும் அதில் எழுத வேண்டும். எட்டு வருஷமாகக் கட்டிய பாலிசியாக இருந்தாலும், போன வருஷம் புதுப்பித்திருந்தால் மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். புதுப்பிக்கும் ஃபாரத்தைப் படிக்காமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறைத்தால் யாருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். பாலிசி எடுத்த கொஞ்ச நாளிலேயே இறப்பு நேர்ந்தால் கம்பெனி விசாரிக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு எல்லாம் தேடும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய உதவி. அப்படி மாத்திரை வாங்குகிறவர், அரசு கொடுப்பதுதானே என்று ஃபாரத்தில் விட்டுவிடக் கூடாது.

நீதிமன்றம் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறது. 2014 ஆகஸ்டில் பாலிசி எடுத்து அடுத்த மாதமே இறந்தவர், ஏற்கெனவே சிகிச்சை எடுத்த நோயை மறைத்திருந்தார். கம்பெனி மறுத்தது சரி என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னொரு வழக்கில், மறைத்தது முதுகுத்தண்டு வலி, இறந்தது மாரடைப்பில். உயிருக்கு ஆபத்தில்லாத அந்த நோயை மறைத்ததற்காகப் பணத்தை மறுக்கக் கூடாது என்று 2015-இல் தீர்ப்பானது. ஆனாலும் இரண்டாவது தீர்ப்பை நம்பி மறைப்பது குடும்பத்தைக் கோர்ட்டுக்கு அனுப்புகிற காரியம்.

உண்மையைச் சொன்னால் பாலிசி கிடைக்காது என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், பிரீமியம் கொஞ்சம் கூடும், சில நேரம் தள்ளிப்போடுவார்கள். அப்படியே மறுத்தாலும் பிரதமர் ஜீவன் ஜோதி பீமா இருக்கிறது: வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 50 வயதுக்காரர்கள் வருஷம் 436 ரூபாய் கட்டிச் சேரலாம், இறப்புக்கு 2 லட்சம். சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து இறப்புக்கு மட்டும் பணம் உண்டு.

பாண்டு, அதாவது பாலிசிப் பத்திரம், கைக்கு வந்ததும் அதோடு இருக்கும் ஃபாரம் நகலைப் படிக்கத் தெரிந்த பிள்ளையை வைத்துப் படியுங்கள். தவறு இருந்தால் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்குங்கள். 30 நாளுக்குள் என்றால் பாலிசியையே திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு. ஏற்கெனவே மறைத்து எடுத்தவர்களும் இப்போதே எழுதிவிடுவதுதான் என் யோசனை. ஏஜென்ட்டிடம் நோயைச் சொல்லியிருந்தால், சொன்னதற்கான வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். ஒப்பந்தம் உருவாகும் விஷயத்தில் ஏஜென்ட்டைக் கம்பெனியின் ஆளாகத்தான் சட்டம் கருதுகிறது.

பணம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையான புகார்களை எடுத்துக்கொள்வார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், அவர் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷ அவகாசம். எங்கே போனாலும் மறுப்புக் கடிதம், பாண்டு, ஃபாரம் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் நான்கையும் எடுத்துப் போங்கள்.