ஓங்கிலின் மூக்கு உச்சிக்கு ஏறும் விதம்

வேலூர்க் கறிக்கடைகளில் நெடுக்காகப் பிளந்து வைத்த ஆட்டுத்தலையை உற்றுப் பார்த்தவர்கள், மூக்கு நுனியில் தொடங்கும் காற்றுப்பாதை மேலண்ணத்துக்கு இணையாகவே ஓடித் தொண்டையில் இறங்குவதைக் கண்டிருப்பார்கள். நாய்க்கும் குதிரைக்கும் இதே அமைப்புதான். ஓங்கில் எனப்படும் டால்பினிலோ அந்தப் பாதை ஏறத்தாழச் செங்குத்தாக நின்று, தலையின் மேற்புறத்தில் ஊதுதுளையாகத் திறக்கிறது. ஆடும் ஓங்கிலும் இரட்டைக் குளம்பு விலங்குகளின் வழிவந்த உறவினர்கள் என்பதால், இந்த வேறுபாடு கூடுதல் கவனத்துக்கு உரியது.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பாகிஸ்தான் பகுதியில் வாழ்ந்த பாகிசீடஸ் என்னும், ஓங்கில் உள்ளிட்ட திமிங்கில இனத்தின் நான்குகால் மூதாதைக்கு மூக்குத்துளை முகத்தின் முன்பகுதியிலேயே இருந்தது. பிற்காலப் புதைபடிவங்களில் அது படிப்படியாகப் பின்னோக்கி நகர்ந்திருக்கிறது. ஆனால் புதைபடிவம் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுமே தவிர, ஓர் உயிரின் உடலுக்குள் இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதைக் காட்டாது. அதற்குக் கருவைத்தான் பார்க்க வேண்டும்.

அருங்காட்சியகங்களில் பல்லாண்டுகளாகப் பாதுகாக்கப்பட்டுவரும் புள்ளி ஓங்கில் கருக்களை ஆய்வாளர்கள் அறுக்காமல், சி.டி. ஸ்கேன் எடுத்து ஆராய்ந்தனர். இளங்கருவில் மூக்குத்துளைகள் மற்றப் பாலூட்டிகளைப் போலவே முகத்தின் முன்புறம் தோன்றுகின்றன, நாசிப்பாதையும் அண்ணத்துக்கு இணையாகவே இருக்கிறது. பின்னர் அலகு முன்னோக்கி நீள, மண்டையோட்டின் நடுப்பகுதியில் பாதைக்கும் அண்ணத்துக்கும் இடையிலான கோணம் விரிகிறது. அத்துடன், மார்பை நோக்கிக் கவிந்திருந்த தலை நிமிர்ந்து உடலின் நேர்கோட்டுக்கு வருகிறது. ஆகவே துளை தானாக உச்சிக்கு ஊர்ந்து செல்வதில்லை. சுற்றியுள்ள பகுதிகள் சமமின்றி வளர்வதால் அது உச்சியில் அமைகிறது. எலும்புகளும் இடம் மாறுகின்றன: ஓட்டுக்கூரையில் ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசை படிவதுபோல, மேல்தாடை எலும்பு பின்னோக்கி நீண்டு நெற்றி எலும்பின் மேல் படிகிறது. எலும்புகள் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று படிவதை அமெரிக்க விலங்கியலாளர் ஜெரிட் மில்லர் 1923இலேயே விரிவாக எழுதினார்.

பல்லுக்குப் பதிலாக இரையை வடிகட்டும் தகடுகள் கொண்ட பலீன் திமிங்கிலங்களுக்கும் மூக்கு உச்சியில்தான் உள்ளது. எனவே அவற்றின் கருவும் இதே வழியில் வளரும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவ்வகையைச் சேர்ந்த ஃபின் திமிங்கிலத்தின் கருவில் முக்கியமான திருப்பம் மண்டையோட்டின் நடுவில் நிகழாமல், அது முதுகெலும்போடு சேரும் பின்பகுதியில் நிகழ்கிறது. மேல்தாடை எலும்பின் பின்பகுதியும் நெற்றி எலும்பின் மேல் ஏறாமல் அதன் அடியில் செல்கிறது. என் கணிப்பில், இந்த ஆய்வின் மிகச் சுவையான செய்தி இதுவே: விளைவு ஒன்று, வழி இரண்டு.

பலீன் திமிங்கிலங்களுக்கு வெளியே இரண்டு துளைகளும், அளவான மோப்பத் திறனும் எஞ்சியுள்ளன. ஓங்கில் போன்ற பல் திமிங்கிலங்களிலோ இரு பாதைகளும் தோலுக்குச் சற்றுக் கீழே இணைந்து ஒரே துளையாகத் திறக்கின்றன. கருவில் அரும்பும் மோப்ப மூளைப்பகுதியும் பின்னர் தேய்ந்து மறைகிறது. மோப்பத்தை இழந்த அந்த மூக்கு ஒலியெழுப்பும் கருவியாகிவிட்டது. ஊதுதுளைக்குக் கீழேயுள்ள தடித்த மடிப்புகள் காற்றில் அதிர்ந்து எழுப்பும் ஒலியே, எதிரொலியைக் கொண்டு இரை தேட ஓங்கிலுக்கு உதவுகிறது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தில் இந்த வேலைப் பிரிவினை இன்னும் முற்றியிருக்கிறது: இடப்பக்க நாசிப்பாதை மூச்சுக்கு, வலப்பக்கப் பாதை ஒலிக்கு. அதன் ஊதுதுளையும் தலையின் நடு உச்சியில் இல்லாமல், முன்முனையில் இடப்புறமாக ஒதுங்கி அமைந்திருக்கிறது.