பழைய மைக்ரோஸ்கோப்பில் எல்.இ.டி. மாட்டும் முன்…

போடியில் பயிர் ஆலோசகராக இருக்கிறேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று கேரளத்தில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் நம் ஆட்கள், பூவும் காயும் பிடிக்கும் சரம் வாடினால் அதையும் சொறி பிடித்த காயையும் ஈரத்தோடு பையில் போட்டு எடுத்து வருவார்கள். காயில் சொறியை உண்டாக்கும் பூச்சியான ஏல இலைப்பேன் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. சரத்தின் செதிலுக்குள் பதுங்கியிருக்கும் அதைப் பார்க்க 20 மடங்கு பெரிதாக்கும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் இருந்தால் போதும்.

தோட்டங்களிலும் பள்ளிக்கூட ஆய்வகங்களிலும் பழைய மைக்ரோஸ்கோப்புகள் மூலையில் கிடக்கின்றன. திறந்து பார்த்தால் பெரும்பாலும் லென்ஸ் நன்றாகவே இருக்கிறது, விளக்குதான் போயிருக்கிறது. அதிலிருந்த டங்ஸ்டன் பல்ப் கிடைத்தாலும் அதன் சூட்டில் சரம் வாடிவிடும். எல்.இ.டி. மாட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் எதை மாட்டுகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நானும் 9 வாட் வீட்டு எல்.இ.டி. பல்பைப் பிரித்து, உள்ளே இருந்த வட்டத் தகட்டை மைக்ரோஸ்கோப்பின் கையில் திருகி முடுக்கினேன். வெளிச்சம் பிரமாதமாக இருந்தது. மூன்றாம் நாள் என் உதவியாளர் சரத்தைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு ஃபோகஸ் திருகைத் தொட்டார். ஷாக் அடித்துக் கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். டெஸ்டரை இரும்புத் தாங்கியில் வைத்தேன், எரிந்தது. அவர் பிழைத்தது மரப்பலகை மேல் செருப்போடு நின்றதால் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

காரணம் இதுதான். விலை குறைந்த பல வீட்டு பல்புகளில் 230 வோல்ட்டுக்கும் எல்.இ.டி.க்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் போன்ற தடுப்பு எதுவும் இருக்காது. பிளாஸ்டிக் மூடிதான் நம்மைக் காக்கிறது. அதைக் கழற்றினால் எல்.இ.டி. புள்ளி ஒவ்வொன்றும் வீட்டு மின்சாரத்தோடு நேராகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மெல்லிய ஒரு படலம்தான் அலுமினியத் தகட்டைப் பிரித்து வைத்திருக்கும். திருகு அதைக் கிழித்தால் மைக்ரோஸ்கோப் முழுக்க மின்சாரம். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகியிருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் தகட்டில் மின்சாரம் நிற்கலாம். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். செய்து வைத்திருந்தால் இன்றே பிளக்கைப் பிடுங்குங்கள்.

இப்போது என் மேசையில் இருப்பது 12 வோல்ட் வளையம். பைக் அலங்காரக் கடையில் ஹெட்லைட்டைச் சுற்றி மாட்டும் ‘ஏஞ்சல் ஐ’ வளையம் கேளுங்கள். 60, 70, 80 மில்லிமீட்டர் என்று பல அளவில் கிடைக்கிறது. கீழ் லென்ஸின் வெளிச்சுற்றை அளந்துகொண்டு போனால் பொருத்தமானதைப் பொறுக்கலாம். பழைய மோடத்தின் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் போதும், அதில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தனி எல்.இ.டி. வைத்துச் செய்பவர்கள் மூன்றை வரிசையாகக் கோத்து 150 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 20 மில்லி ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் எல்.இ.டி. கருகிவிடும்.

ஃபெவிக்விக் போன்ற பசையை லென்ஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். பிவிசி குழாய்த் துண்டில் வளையத்தை ஒட்டி நன்றாகக் காயவிட்டு, அப்புறம் மூன்று நைலான் திருகால் லென்ஸ் கூட்டில் பிடித்துக்கொள்ளலாம்.

வெளிச்சத்தின் நிறமும் முக்கியம். நீலம் கலந்த வெள்ளையில் இலையின் மஞ்சளைச் சரியாகக் கணிக்க முடியாது. ஏலச்செடியைத் தாக்கும் கட்டே என்ற வைரஸ் நோயின் கோடுகளை இலையில் தேடும்போது இது பெரிய தொந்தரவு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் குறிப்பார்கள்; 4000 முதல் 5000 கெல்வின் வரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஈரக் காயில் எல்.இ.டி. புள்ளிகள் கண்ணைக் கூசும்படி மின்னும். வளையத்துக்குக் கீழே பட்டர் பேப்பர் ஒட்டினால் அது அடங்கும்.

இன்னொன்று. வளைய விளக்கில் நிழலே விழாது, அதனால் மேடு பள்ளம் தெரியாமல் எல்லாம் தட்டையாகிவிடும். பாதி வளையத்தைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள். ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழுந்ததும் காயின் சொறி தடித்து எழுந்து தெரியும். பையில் வந்த காய் எதுவானாலும் நான் முதலில் இப்படித்தான் பார்க்கிறேன்.