பெயர் வைப்பதற்கு முன்னால்

முனைவர் பட்டத்துக்குச் சேர வேண்டும் என்று என்னைப் பார்க்க வருகிற மாணவர்களில் பாதிப் பேர் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "இஸ்லாமியத் தீவிரவாதம் பற்றி ஆய்வு செய்யணும்." நான் மறுப்பதில்லை. எந்தப் பகுதி, எந்த இயக்கம், அந்த மக்கள் பேசும் மொழி தெரியுமா, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அவர்கள் மேல் தப்பில்லை. செய்திகளில் கேட்டுக் கேட்டு வளர்ந்த சொல் அது. நானும் அதே சொல்லோடுதான் இந்தத் துறைக்குள் வந்தேன். பிராந்திய அரசியல், முஸ்லிம் இயக்கங்கள், சர்வதேசப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிப்பது என் தொழிலாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஓர் இயக்கத்துக்கு வெளியிலிருந்து நாம் வைக்கும் பெயர், அங்கே இருக்கிற மக்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதில் பாதியை முடிவு செய்துவிடுகிறது. இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது அதுதான்.

மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆச்சேயின் கதை. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவின் வடகோடியில் இருக்கும் பகுதி. மக்காவின் திண்ணை என்று அந்த மக்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மார்க்கப் பற்று அதிகம். 1976-இல் ஹசன் டி டீரோ அங்கே சுதந்திர ஆச்சே இயக்கத்தைத் தொடங்கினார். முஸ்லிம்கள் வாழும் பகுதி, கையில் துப்பாக்கி, அப்படியானால் இது மதப் போர்தான் என்று தூரத்தில் இருந்தவர்கள் பலர் நினைத்தார்கள். எதிரில் நின்ற இந்தோனேசிய அரசும் முஸ்லிம் பெரும்பான்மை நாட்டின் அரசுதான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. அந்த இயக்கம் சொன்ன குறைகளோ வேறு. டச்சுக்காரர்களோடு பல பத்தாண்டுகள் போரிட்ட சுல்தானகத்தின் வாரிசுகள் நாங்கள் என்றார்கள். ஆருன் எரிவாயு வயலின் வருமானம் ஜகார்த்தாவுக்குப் போகிறதே என்றார்கள். ராணுவம் செய்த கொடுமைகளைச் சொன்னார்கள்.

2001-இல் ஜகார்த்தா ஒரு சிறப்புத் தன்னாட்சிச் சட்டம் கொண்டுவந்தது. அதில் எரிவாயு வருமானத்தில் கூடுதல் பங்கு இருந்தது. ஷரீஅத் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரமும் இருந்தது. மதம்தான் பிரச்சினை என்றால் அதோடு சண்டை ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. 2003 மே மாதம் அங்கே ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஃபின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி நடுவராக இருந்து, 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் உடன்பாடு ஏற்பட்டது. உள்ளூர்க் கட்சிகள் தேர்தலில் நிற்கலாம், இயற்கை வளத்தின் வருமானத்தில் எழுபது சதவீதம் ஆச்சேவுக்கு, வெளியிலிருந்து வந்த படைகள் திரும்பிப் போகும், இயக்கம் 840 ஆயுதங்களை ஒப்படைக்கும். பேச்சுவார்த்தையின் நடுவில் இருந்தது இவைதான். கிட்டத்தட்ட முப்பது ஆண்டுச் சண்டை இந்த வழியில்தான் முடிந்தது.

மிண்டனாவோ இன்னொரு பாடம். பிலிப்பைன்ஸின் தெற்கில் வாழும் முஸ்லிம்களுக்கு மோரோ என்ற பெயரை வைத்தவர்கள் ஸ்பானியர்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து தங்கள் நாட்டை ஆண்ட முஸ்லிம்களை அழைத்த அதே சொல்லை, உலகத்தின் மறுகோடியில் இருந்தவர்கள் மேலும் ஒட்டினார்கள். பிற்காலத்தில் அந்த மக்கள் அதையே எடுத்துத் தங்கள் தேசத்தின் பெயராக ஆக்கிக்கொண்டார்கள்: பங்சமோரோ. பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த நூர் மிசுவாரி நடத்திய மோரோ தேசிய விடுதலை முன்னணி 1976-இல் திரிப்போலியில் அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. அதிலிருந்து ஸலாமத் ஹாஷிம் பிரிந்துபோய் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியை அமைத்தார். பெயரில் இஸ்லாம் வந்துவிட்டது, இனி இவர்களோடு பேசவே முடியாது என்று சொன்ன நிபுணர்கள் உண்டு. அதே அமைப்புதான் 2014 மார்ச்சில் அரசோடு விரிவான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. 2017-இல் ஐ.எஸ். பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஆயுதக் குழுக்கள் மராவி நகரைப் பிடித்து ஐந்து மாதம் சண்டை நடந்தபோது, சிக்கிக்கொண்ட பொதுமக்களை வெளியே கொண்டுவர அரசோடு சேர்ந்து பாதை அமைத்ததும் அவர்கள்தான். இரண்டு தரப்பையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தால் அந்தப் பாதைக்கு இடமே இருந்திருக்காது. 2019-இல் பொதுவாக்கெடுப்பு நடந்து பங்சமோரோ தன்னாட்சிப் பகுதி உருவானது.

ஆயுதம் ஏந்தாத இயக்கங்களிலும் இதே குழப்பம் இருக்கிறது. உண்மையில் அங்கேதான் அதிகம். 1924-இல் துருக்கி, முஸ்லிம் உலகத்தின் தலைமைப் பதவியாகக் கருதப்பட்ட கிலாஃபத்தை ஒழித்தது. அதைச் சுற்றிய சில ஆண்டுகளில் மூன்று இடங்களில் மூன்று இயக்கங்கள் பிறந்தன. டெல்லிக்குத் தெற்கே மேவாத்தில் மௌலானா முஹம்மத் இல்யாஸ் தப்லீக் பணியைத் தொடங்கினார். தொழுகையும் கலிமா என்ற நம்பிக்கை உறுதிமொழியும் தெரியாத ஏழை விவசாயிகளிடம் வீடு வீடாகப் போய்ப் பேசுவதுதான் வேலை. கட்சி அரசியல் பேச்சு அங்கே கூடாது. 1926-இல் ஜாவாவின் சுரபாயாவில் மார்க்க அறிஞர்களின் அமைப்பான நஹ்தலத்துல் உலமா அமைந்தது. அதன் பின்னணியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்போது மக்காவும் மதீனாவும் இருக்கும் ஹிஜாஸ் பகுதியை, கடுமையான வஹாபிக் கொள்கையைப் பின்பற்றிய அரபு மன்னர் இப்னு சவூத் கைப்பற்றியிருந்தார். இனி அடக்கத்தலங்களும் நான்கு மத்ஹபுகள் எனும் மார்க்கச் சட்ட மரபுகளின் வழக்கங்களும் என்ன ஆகுமோ என்று ஜாவாவின் மரபுவழி உலமாக்கள் கவலைப்பட்டார்கள். அங்கே ஒரு குழு அனுப்பித் தங்கள் மரபைக் காக்கத்தான் முதலில் கூடினார்கள். 1928-இல் எகிப்தின் இஸ்மாயிலியாவில், சூயஸ் கால்வாய் நிறுவனமும் பிரிட்டிஷ் படையும் இருந்த ஊரில், ஹசன் அல்-பன்னா என்ற பள்ளி ஆசிரியர் இக்வானுல் முஸ்லிமூன் என்ற முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைத் தொடங்கினார். சமூகத்தையும் ஒருநாள் அரசையும் மாற்றுவது அவர் கனவு.

ஒருவர் அரசியலே வேண்டாம் என்றார், ஒரு சாரார் மரபைக் காக்கப் புறப்பட்டார்கள், இன்னொருவர் ஆட்சி வரைக்கும் யோசித்தார். இன்றைக்கும் பல அறிக்கைகளில் இம்மூன்றும் அடுத்தடுத்த வரிகளில், ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. வஹாபிக் கொள்கை பரவுவதற்கு எதிராகக் கூடிய நஹ்தலத்துல் உலமாவையே 'வஹாபித் தாக்கம்' என்ற அத்தியாயத்தில் சேர்த்திருந்த ஒரு கட்டுரை மதிப்பீட்டுக்காக என் கைக்கு வந்திருக்கிறது. எழுதியவர் நல்ல மனிதர்தான். மலாயும் தெரியாது, இந்தோனேசிய மொழியும் தெரியாது. ஆங்கிலத்தில் கிடைத்ததை மட்டும் வைத்து எழுதியிருந்தார்.

இதெல்லாம் பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் சொற்சண்டை என்று தோன்றலாம். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தொழிலின் ஆரம்பத்தில் ஓர் அமைப்புக்காக அறிக்கை எழுதினேன். அதில் ஒரு வாக்கியம் ஏறக்குறைய இப்படி: "இந்த இரண்டு குழுக்களும் ஒரே நூல்களைத்தான் பாடமாக வைக்கின்றன, ஆனால் முதல் குழு வன்முறையை வெளிப்படையாக மறுத்து, அதற்காகப் பல உறுப்பினர்களை வெளியேற்றியிருக்கிறது." இரண்டு ஆண்டு கழித்து வேறோர் அலுவலகத்தின் குறிப்பில் அதே வாக்கியத்தைப் பார்த்தேன். காற்புள்ளியோடு முடிந்திருந்தது. பின்பாதி இல்லை. அந்த முதல் குழுவில் எனக்குத் தேநீர் கொடுத்து மணிக்கணக்கில் பேசியவர்களின் முகம் கண்முன் வந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வேறுபாட்டைத்தான் முதலில் எழுதுவேன், ஒற்றுமையைப் பின்னால் தனி வாக்கியத்தில் எழுதுவேன். வெட்டினாலும் பொய்யாகாத வாக்கியமா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பேன். மாணவர்கள் இதைக் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறார்கள். நான் விடுவதாக இல்லை.

அப்புறம், நம்மிடம் பேசியவர்களின் பாதுகாப்பு. இதைப் பற்றி எங்கள் துறையில் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் எடுத்த வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி பாதுகாத்து வந்தது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே போகாது என்ற நம்பிக்கையில் அவர்கள் பேசினார்கள். 2011-இல் பிரிட்டிஷ் தரப்பு கேட்டதன் பேரில் அமெரிக்க நீதித்துறை வழியாக அந்தப் பதிவுகளுக்கு உத்தரவு வந்தது. வழக்குப் போராட்டத்துக்குப் பிறகு சில பதிவுகள் காவல்துறையிடம் போய்ச் சேர்ந்தன. ஆய்வாளர் கொடுக்கும் வாக்குறுதிக்குச் சட்டத்தில் எவ்வளவு பலம் உண்டு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், அங்கே பேசியவர்களில் எத்தனை பேர் வாய் திறந்திருப்பார்கள்? முடியாததை வாக்களிக்காதீர்கள் என்று ஒவ்வொரு மாணவரிடமும் சொல்கிறேன். என் களக் குறிப்பேட்டில் ஒருவர் பெயர்கூட இருக்காது, ஊரும் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யாரைக் குறிக்கிறது என்பதை வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன். அதனால் சில நல்ல தகவல்களை நான் பயன்படுத்த முடியாமலே போயிருக்கிறது. பரவாயில்லை.

ஆபத்து ஆய்வாளருக்கும் உண்டு. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஜூலியோ ரெஜெனி என்ற இத்தாலிய இளைஞர் எகிப்தின் சுயேச்சைத் தொழிற்சங்கங்களைப் பற்றிப் படிக்கக் கெய்ரோ போயிருந்தார். 2016 ஜனவரி 25 அன்று காணாமல் போனார். ஒன்பது நாள் கழித்துச் சித்திரவதைக் காயங்களோடு அவர் உடல் கிடைத்தது. எங்களில் பலருக்கு அந்தச் செய்தி இன்னும் ஆறவில்லை. களத்தில் இருக்கும் ஆய்வாளரை உளவாளி என்று சந்தேகிப்பது எளிது. அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடும் காரியங்களை ஆய்வுலகமும் செய்திருக்கிறது. 2007-இல் அமெரிக்க ராணுவம் சமூக அறிவியலாளர்களைப் படைப்பிரிவுகளோடு ஆப்கானிஸ்தானுக்கும் ஈராக்குக்கும் அனுப்பத் தொடங்கியது. அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு அதே ஆண்டு அதைக் கண்டித்தது. சீருடையோடு வருபவர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டால், பதில் சொல்லும் கிராமத்தவருக்கு மறுக்கும் உரிமை எங்கே இருக்கிறது? அந்தத் திட்டம் நின்று சில ஆண்டுகள் ஆன பிறகும், எனக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில், "நீங்கள் யாருக்காக வந்திருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குத்தான் நான் முதல் ஒரு வாரமும் பதில் சொன்னேன்.

பெயர்களைப் பிடித்துக்கொண்டு அலைவதில் இன்னொரு குருட்டுத்தனமும் இருக்கிறது. அதை நானே செய்தேன். 2010-இல் அரபு நாடுகளைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில், ஆட்சிகள் உறுதியாக இருக்கின்றன, எதிர்ப்பு வந்தால் அமைப்புப் பலமுள்ள இஸ்லாமிய இயக்கங்களிடமிருந்துதான் வரும் என்று முடித்திருந்தேன். அந்த டிசம்பர் 17 அன்று துனீசியாவின் சிதி பூஸித்தில் முஹம்மத் பூஅஸீஸி என்ற தெருவோர வியாபாரி தன் மேல் தீ வைத்துக்கொண்டார். ஜனவரி 14 அன்று அதிபர் பென் அலி நாட்டை விட்டுப் போனார். தெருவில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் எந்த இயக்கத்தின் உறுப்பினரும் இல்லை. எங்களிடம் இயக்கங்களின் வரைபடம் இருந்தது. வேலையில்லாத பட்டதாரியின் வரைபடம் இல்லை. அந்தக் கட்டுரையை நான் அகற்றவில்லை. எங்கே தவறினேன் என்று அடுத்த ஆண்டு தனியாக எழுதினேன். பயிற்சி வகுப்பில் இரண்டையும் சேர்த்தே படிக்கக் கொடுக்கிறேன்.

துனீசியாவில் பிறகு நடந்ததும் பழைய பெட்டிகளுக்குள் அடங்கவில்லை. ராஷித் கன்னூஷியின் அந்நஹ்தா கட்சி 2016 மாநாட்டில் அரசியலையும் மார்க்க அழைப்புப் பணியையும் பிரிப்பதாக அறிவித்தது. எகிப்தில் இக்வான் சார்பில் நின்ற முஹம்மத் முர்சி 2012-இல் அதிபரானார், 2013 ஜூலையில் ராணுவம் அவரை நீக்கியது. வேர் ஒன்று என்று சொல்லப்பட்ட இரண்டு கட்சிகள், ஐந்தே ஆண்டில் இரண்டு திசைகளில் போயின. ராணுவத்தின் பலம், தொழிற்சங்கத்தின் பலம், பக்கத்து நாடுகளின் பணம் என்று ஒவ்வொரு நாட்டிலும் கணக்கு வேறு. பிராந்திய அரசியல் தெரியாமல் இயக்கத்தை மட்டும் படித்தால் இது புரியவே புரியாது.

நீங்கள் ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. எங்காவது குண்டு வெடித்த இரவில் தொலைக்காட்சியில் ஒருவர் வந்து விளக்கும்போது, சில விஷயங்களைக் கவனியுங்கள். அவர் பேசும் பகுதியின் மொழி அவருக்குத் தெரியுமா? உலக முஸ்லிம்களில் அறுபது சதவீதத்துக்கும் மேல் ஆசியாவில் வாழ்கிறார்கள், மத்திய கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் சுமார் இருபது சதவீதம்தான் என்று பியூ ஆய்வு மையம் 2009-இல் கணக்கிட்டது. ஆகவே அரபு மட்டும் தெரிந்தவரும் ஒரு சிறு பகுதியைத்தான் பார்க்கிறார். அவர் ஒரு குழுவின் பெயரைச் சொன்னதும் அதோடு பகை உள்ள இன்னொரு முஸ்லிம் குழுவின் பெயரையும் சொல்கிறாரா? அவருடைய ஆய்வுக்குப் பணம் யார் தருகிறார்கள்? "இன்னும் தெரியவில்லை, இரண்டு நாள் பொறுங்கள்" என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அவர் சொல்வதை நான் உட்கார்ந்து கேட்பேன்.

முதலில் சொன்ன மாணவர்களில் ஒருவர் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். தலைப்பில் இருந்த அந்தப் பழைய சொல்லை அடித்திருந்தார், அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை. மிண்டனாவோவில் நிலத் தகராறுகளைப் பற்றிப் படிக்க ஆசை என்றார். இப்போது அங்கே பேசப்படும் மகுயிந்தனாவ் மொழி கற்றுக்கொண்டிருக்கிறார். தலைப்பு இன்னும் முடிவாகவில்லை. அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.