ஜேட் கல்லில் கோடு சொல்லும் வயது

2011 ஜனவரியில் பெய்ஜிங்கில் நடந்த ஓர் ஏலத்தில், ஜேட் கல்லால் ஆன ஒப்பனை மேசையும் அதற்கான முக்காலியும் 22 கோடி யுவானுக்குப் போயின. ஹான் அரச காலத்துப் பொருள், அதாவது ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழசு என்று சொல்லி விற்றார்கள். ஹான் காலத்தில் பெரிய மனிதர்களும் தரையில் பாய் விரித்துத்தான் உட்கார்ந்தார்கள். நாற்காலியும் முக்காலியும் பல நூற்றாண்டு கழித்துப் பரவியவை. அடுத்த ஆண்டே ஜியாங்சு மாகாணத்துக் கைவினைஞர்கள் சிலர், அதை 2010இல் செய்தது நாங்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அவ்வளவு பணம் கொடுப்பதற்கு முன்னால் ஆய்வகத்தில் கொடுத்து வயதைக் கணக்கிட்டிருக்கலாமே என்று தோன்றும். அதுதான் முடியாது. கார்பன் முறை மரம், எலும்பு, துணி என்று ஒருகாலத்தில் உயிருள்ளதாக இருந்த பொருளுக்குத்தான் பொருந்தும். ஜேட் கனிமக் கல். அது பூமிக்குள் உருவான காலத்தைக் கணக்கிட்டாலும், கோடிக்கணக்கான ஆண்டுகள் என்றுதான் விடை வரும். நேற்று செய்த பொம்மைக்கும் அதே விடைதான். நமக்கு வேண்டியது கல்லின் வயது இல்லை, அதில் மனிதக் கை பட்ட காலம்.

முதலில் அது எந்தக் கல் என்று பார்க்க வேண்டும். ஜேட் என்ற ஒரே பெயரில் நெஃப்ரைட், ஜேடைட் என இரண்டு கனிமங்கள் உலவுகின்றன. பழைய சீன ஜேட் நெஃப்ரைட்தான். மரகதப் பச்சையில் மின்னும் ஜேடைட், பர்மாவிலிருந்து சீனாவுக்குப் பெருமளவில் வந்தது 18ஆம் நூற்றாண்டில். ஆகவே ஜேடைட்டில் செய்த 'ஹான் காலத்து' டிராகனை அங்கேயே ஒதுக்கிவிடலாம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், தராசும் ஒரு பாத்திரம் தண்ணீரும் போதும். காற்றில் 295 கிராம் இருக்கும் நெஃப்ரைட், தண்ணீரில் தொங்கவிட்டால் 195 கிராம் அளவுக்குக் காட்டும். அதாவது அடர்த்தி 2.95. ஜேடைட்டுக்கு அது 3.3ஐத் தாண்டும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஜேட்டைச் செதுக்கினார்கள் என்று சொல்வதே சரியில்லை. நெஃப்ரைட்டுக்குள் நுண்ணிழைகள் கம்பளி போலப் பின்னிக் கிடக்கின்றன. உளி வைத்து அடித்து அதை வடிவத்துக்குக் கொண்டுவர முடியாது. அதைவிடக் கடினமான மணலை நீரில் குழைத்து, தேய்த்துத் தேய்த்துத்தான் அறுத்தார்கள். எதை வைத்துத் தேய்த்தார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியது, ஒவ்வொன்றும் தன் தடத்தை விட்டுப்போனது.

புதிய கற்காலத்தில் மணல் பூசிய கயிற்றை இழுத்து அறுத்தார்கள். கயிறு வளைந்து கொடுக்கும், அதனால் கல்லின் முகத்தில் வில் போன்ற வளைகோடுகள் நிற்கும். பின்னால் வந்தது சுழலும் வட்டத்தகடு. அது வெட்டிய கோடு படகு மாதிரி, நடுவில் ஆழமாகவும் இரு முனைகளில் மெலிந்தும் இருக்கும். வளைவு வேண்டுமென்றால் சின்னச் சின்ன நேர்வெட்டுகளை ஒட்டி ஒட்டிக் கொண்டுபோக வேண்டும், திருப்பத்தில் ஓரிரு வெட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துளையை இரு பக்கமிருந்தும் போடுவார்கள், நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு படி தட்டும். இன்றைய வைரமுனை இயந்திரம் போட்ட துளை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இறங்கும்.

சீனாவின் ஹாங்சோ நகரம் அருகே கிடைத்த, புதிய கற்காலத்து லியாங்சூ பண்பாட்டு ஜேட்டுகளை உருப்பெருக்கியில் பார்த்தால் மனசு நெகிழ்ந்துவிடும். வயது 4300 ஆண்டுகளுக்கு மேல். ஒரு மில்லிமீட்டருக்குள் நான்கைந்து கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரே இழுப்பில் வந்ததில்லை, கையால் கீறிய பல குட்டிக் கீறல்களின் தொகுப்பு. இதைச் செய்த கைகள் உலோகக் கருவியைப் பார்த்ததே இல்லை.

பிரிட்டிஷ் மியூசியம் ஆய்வாளர்கள் இந்தத் தடம் பார்க்கும் வேலையை இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்துவது போன்ற சிலிகான் பசையால் தடங்களை அச்செடுத்து, அந்த அச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சிற்பத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

மண்ணும் தன் பங்குக்குச் சாட்சி சொல்லும். நெடுங்காலம் புதைந்த ஜேட்டில் இழைகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளி விழுந்து, ஒளி சிதறி, கல் வெளுக்கும். தெளிவான பனிக்கட்டியைத் துருவினால் வெள்ளையாகிறதே, அது மாதிரி. இதைப் போலி செய்ய ஆசைப்படுகிறவர்கள் கல்லை நெருப்பில் சுடுகிறார்கள், அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். ஆனால் கடும் சூட்டில் நெஃப்ரைட் தன் அமைப்பில் உள்ள நீரை இழந்து வேறு கனிமமாக மாறிவிடும். 1928இல் சி. வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவில் இயங்கும் கருவி, அதைக் கல்லைத் தொடாமலே காட்டிக்கொடுக்கும்.

மிகவும் ஏமாற்றுவது வேறொன்று. அசல் பழங்கல்லை எடுத்து, வெறுமையாக இருந்த முகத்தில் புது வேலைப்பாட்டைச் சேர்ப்பது. கல்லும் பழசு, வெளுப்பும் உண்மை. அங்கே பார்க்க வேண்டியது கோட்டின் அடி. வெளுப்பு கோட்டுக்குள்ளும் இறங்கியிருந்தால் கோடு முந்தியது. கோடு வெளுப்பைக் கிழித்துக்கொண்டு புதுக் கல்லைக் காட்டினால், அது பிந்தி வந்த கை.

பிந்தி வந்த கை எல்லாமே திருட்டுக் கை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் சியன்லோங் பேரரசர் பழைய ஜேட்டுகளை ஆசை ஆசையாகச் சேர்த்து, அவற்றில் தன் கவிதைகளைப் பொறிக்கவைத்தார். உள்ளே வட்டம் வெளியே சதுரமான லியாங்சூவின் 'சோங்' குழாய்கள் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அதனால் சிலவற்றில் கவிதை நேராக நிற்க, குழாயில் பொறித்திருந்த 4000 ஆண்டுப் பழைய முக உருவங்கள் தலைகீழாக இருக்கின்றன.