குழந்தைக்கு ஏன் கிலோவுக்கு அதிக மயக்க மருந்து?

ஒரு மணி நேர அறுவை சிகிச்சை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாயுவைச் சுவாசிக்க வைக்காமல், புரோபோஃபால் என்ற மருந்தை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தியே நோயாளியை மயக்கத்தில் வைத்திருக்கப் போகிறார்கள். வலிக்குத் தனி மருந்து உண்டு. நோயாளி 60 கிலோ எடையுள்ள பெரியவர் என்றால், பிரிஸ்டல் முறை என்று மயக்க மருத்துவர்கள் சொல்லும் பழைய கணக்கின்படி அந்த ஒரு மணி நேரத்துக்கு 480 மில்லிகிராம் ஆகும். கிலோவுக்கு 8. நோயாளி 18 கிலோ எடையுள்ள ஐந்து வயதுக் குழந்தை என்றால், 3 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளுக்காக 1999இல் வெளியான கணக்கின்படி 270 மில்லிகிராம். கிலோவுக்கு 15.

இரண்டு கணக்குக்கும் இலக்கு ஒன்றுதான்: ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம் புரோபோஃபால் இருக்க வேண்டும். அந்த அளவைப் பிடித்து வைக்கக் குழந்தைக்குக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மருந்து போகிறது. "சின்ன உடம்பு டாக்டர், கொஞ்சமா குடுங்க" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அந்தப் பயத்தில் தப்பே இல்லை. ஆனால் பெரியவர்களின் அளவை எடைக்கு ஏற்றபடி வெறுமனே சுருக்கிக் கொடுத்தால், மயக்கம் போதாமல் குழந்தை நடுவில் விழித்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

முதலில் மருந்தைப் பற்றிக் கொஞ்சம். புரோபோஃபாலைக் கண்டறிந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஜான் கிளென். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இந்தக் கண்டுபிடிப்புக்காக 2018இல் லாஸ்கர் விருது பெற்றார். புரோபோஃபால் தண்ணீரில் கரையாது. முதலில் வேறொரு கரைப்பானில் கலந்து பார்த்தபோது ஒவ்வாமைத் தொல்லைகள் வந்தன. கடைசியில் சோயா எண்ணெயும் முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தினும் சேர்த்துப் பால் போன்ற குழம்பாக்கி 1986இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். சிரிஞ்சில் அது வெள்ளையாகத் தெரிவது அதனால்தான்.

சரி, அந்த வெள்ளை மருந்து உள்ளே போனதும் என்ன ஆகிறது? உடம்பை, குழாய்களால் இணைந்த மூன்று தொட்டிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டியில் ரத்தமும், ரத்தம் வேகமாகப் பாயும் மூளை, இதயம், கல்லீரல் போன்ற உறுப்புகளும். இரண்டாவதில் தசைகள். மூன்றாவதில் கொழுப்பு. மருந்து முதல் தொட்டியில் விழுகிறது, அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் கசிகிறது. அதே நேரத்தில் கல்லீரல் முதல் தொட்டியிலிருந்து மருந்தை அகற்றிக்கொண்டே இருக்கிறது. மயக்கத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பது முதல் தொட்டியின் மட்டம் மட்டுமே.

குழந்தையிடம் அந்த முதல் தொட்டி, எடையோடு ஒப்பிட்டால், பெரியது. கணினிக் கணக்குகளில் பெரியவருக்கு அதைக் கிலோவுக்கு சுமார் 0.23 லிட்டர் என்று வைக்கிறார்கள், குழந்தைக்கு 0.46 லிட்டர். சரியாக இரண்டு மடங்கு. உடம்பின் அமைப்பைப் பார்த்தாலே இது புரியும். பெரியவரின் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். ஐந்து வயதிலோ மூளை பெரியவர்களின் மூளை அளவை ஏறக்குறைய எட்டிவிடுகிறது, உடம்பு மட்டும் 18 கிலோ. கணக்குப் போட்டால் 7 சதவீதம் வரும்.

அடுத்தது, மருந்தை அகற்றும் வேகம். உடல் எடை கூடும் அதே விகிதத்தில் வளர்சிதை மாற்றம் கூடுவதில்லை. எடையின் முக்கால் அடுக்குப்படிதான் (எடை 16 மடங்கானால் இது 8 மடங்குதான்) கூடுகிறது என்று 1932இல் விலங்கு உடலியல் ஆய்வாளர் மாக்ஸ் கிளைபர் காட்டினார். எலியிலிருந்து யானை வரை ஏறக்குறைய பொருந்தும் இந்த விதியை மருந்துக் கணக்கிலும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 18 கிலோ குழந்தை, 70 கிலோ பெரியவரைவிடக் கிலோவுக்குச் சுமார் 40 சதவீதம் வேகமாக மருந்தை வெளியேற்றும். எனக்கு இது மருத்துவத்தின் மிக அழகான கணக்குகளில் ஒன்றாகப் படுகிறது.

இந்த இரண்டையும் வைத்து நம் ஐந்து வயதுக் குழந்தைக்கு மருந்து எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். தொடக்கத்தில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், அதாவது 45 மில்லிகிராம். ஒரு சதவீதக் குழம்பில் அது 4.5 மில்லி. அப்புறம் சிரிஞ்ச் பம்ப் மணிக்கு 27 மில்லி வேகத்தில் ஓடும். கால் மணி நேரம் கழித்து 23.4, அரை மணி கழித்து 19.8, ஒரு மணி கழித்து 18 மில்லி. தசையும் கொழுப்பும் நிரம்ப நிரம்ப அங்கே கசிவது குறைகிறது; அதற்கேற்பப் பம்பின் வேகத்தையும் குறைக்க வேண்டும். தொடக்க வேகத்திலேயே விட்டுவிட்டால் மட்டம் ஏறி ரத்த அழுத்தம் விழும்.

இன்று பல இடங்களில் இந்தப் படிகளைப் பம்பே போட்டுக்கொள்கிறது. வயது, எடை, ரத்தத்தில் வேண்டிய மருந்தின் செறிவு ஆகியவற்றைக் கொடுத்தால், கட்டாரியா, பீட்ஃபியூசர், எலிவெல்ட் போன்ற கணித மாதிரிகளில் ஒன்றைக் கொண்டு அது நொடிக்கு நொடி வேகத்தை மாற்றும். ஆனால் திரையில் தெரியும் செறிவு ஓர் ஊகம்தான். யாரும் ரத்தத்தை எடுத்து அளக்கவில்லை. ஒரே இலக்கைக் கொடுத்தாலும் மாதிரிக்கு மாதிரி மருந்தளவு மாறும். அதனால் நெற்றியில் ஒட்டிய மின்முனைகள் வழியாக மூளை அலைகளையும் பார்க்கிறார்கள். ஊசிக்குழல் செருகிய கையைத் துணியால் முழுக்க மூடக் கூடாது என்று மருத்துவர்கள் கண்டிப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. குழாய் கழன்று மருந்து படுக்கையில் கொட்டினால் பம்புக்குத் தெரியாது, அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இதுவரை சொன்னது பச்சிளம் குழந்தைக்குப் பொருந்தாது. புரோபோஃபாலை மாற்றி வெளியேற்றும் நொதிகள், பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவை வெளியேற்றும் நொதியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலை வரக் காரணமே அந்த நொதி இன்னும் முதிராததுதான். அவை தேற மாதங்கள் ஆகும். அதனால் பிறந்த குழந்தையிடம் மருந்து தங்கிவிடுகிறது. முக்கால் அடுக்கு விதியை மட்டும் நம்பினால் அளவு மீறிப்போகும். மூளை அலைகளும் அந்த வயதில் கைகொடுப்பதில்லை. பெரியவர்களிடம் புரோபோஃபால் எழுப்பும் ஆல்ஃபா என்ற மூளை அலை முதல் சில மாதங்களில் தோன்றுவதே இல்லை. ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் ஒரே அட்டவணையைப் போட முடியாது என்று மருத்துவர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

விழிப்பிலும் ஒரு முரண் இருக்கிறது. வேகமாக மருந்தை அகற்றும் குழந்தை சீக்கிரம் விழிக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடப்பது வேறு. ஒரு மணி நேரம் செலுத்தி நிறுத்தினால், ரத்தத்தில் செறிவு பாதியாகக் குறையப் பெரியவருக்கு 7 நிமிடம் போதும். குழந்தைக்கு 10 நிமிடம் ஆகும். நான்கு மணி நேரம் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது: 10 நிமிடத்துக்கு எதிராக 20 நிமிடம். இலக்கைத் தக்கவைக்க அதிக மருந்து போயிருக்கிறது. அது தசையிலும் கொழுப்பிலும் தேங்கி, நிறுத்தியதும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. ஆகவே கூடவே ரெமிஃபென்டானில் என்ற வலி மருந்தைக் கொடுத்து, புரோபோஃபாலின் அளவைக் குறைத்துக்கொள்வார்கள். ரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கும் நொதிகளே ரெமிஃபென்டானிலைச் சிதைத்துவிடுவதால், எத்தனை மணி நேரம் ஓடினாலும் நிறுத்திய சில நிமிடங்களில் பாதியாகிவிடும்.

இவ்வளவு கணக்குக்கும் பலன் இருக்கிறது. வாயு மயக்கத்தைவிட இதில் வாந்தி குறைவு. விழிக்கும்போது காரணமின்றிக் கத்தித் துடிப்பதும் குறைவு. வாயுக்களால் உடல் வெப்பம் ஆபத்தாக ஏறும் பரம்பரைக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு இதுவே பாதுகாப்பான வழி. அதே சமயம், தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் அதிக அளவில் செலுத்தியபோது ரத்தத்தில் அமிலம் ஏறி, இதயம் செயலிழந்து ஐந்து குழந்தைகள் இறந்ததை 1992இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தைகளை நீண்ட நேரம் தூங்கவைக்க இதைத் தவிர்க்கிறார்கள்.

பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. எடையை உத்தேசமாகச் சொல்லாமல் அன்றைக்கே நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாக் கணக்கும் அந்த எண்ணில்தான் தொடங்குகிறது. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் சிக்கலோ தசை நோயோ வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது பொதுவான வழக்கம். தண்ணீருக்கு 2 மணி நேரம் போதும். இப்போது பல மருத்துவமனைகள் 1 மணி நேரமாகவே குறைத்துவிட்டன. உங்கள் மருத்துவர் சொல்லும் நேரம் வரை தண்ணீர் கொடுங்கள், ராத்திரியிலிருந்தே நிறுத்திவிடாதீர்கள். உடம்பில் நீர் வற்றிய குழந்தைக்கு ஊசி போட ரத்தக் குழாய் கிடைப்பதே கஷ்டம்.