அப்ரண்டிஸ்: கை பழகுமா, வேலை இருக்குமா என்று பார்க்க ஓர் ஆண்டு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் "எதைப் படித்தால் வேலை கிடைக்கும்?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். "எனக்கு அது வருமா?" என்று பிள்ளை மனதுக்குள் கேட்டுக்கொள்ளும். உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. ஒரு பட்டறையிலோ அலுவலகத்திலோ ஓர் ஆண்டு நின்று பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி நிற்பதற்கு 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் வழி வைத்திருக்கிறது, மாதாமாதம் உதவித்தொகையோடு. ஊர் வழக்கில் அப்ரண்டிஸ்.

அப்ரண்டிஸ் என்றதும் ஐடிஐ முடித்த பிட்டர், டர்னர்தான் நினைவுக்கு வருவார்கள். டிப்ளமோ, பி.இ. படித்தவர்களும் சேரலாம். 2014-இல் சட்டத்தைத் திருத்தியபோது பி.ஏ., பி.காம். போன்ற பொறியியல் அல்லாத பட்டங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். 10-ஆம் வகுப்போடு நின்றவர்களுக்கும் சில தொழிற்பிரிவுகள் உண்டு. வயது 14 நிறைந்திருக்க வேண்டும். அபாயமான தொழில் என்றால் 18.

நிறுவனங்கள் ஏன் நம்மை எடுக்க வேண்டும்? 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனமும் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. மொத்த ஆட்களில் இரண்டரை சதவீதத்துக்குக் குறையாமல், 15 சதவீதத்துக்கு மேல் போகாமல் எடுக்க வேண்டும். 200 பேர் இருக்கும் கம்பெனி என்றால் 5 முதல் 30 பேர். 4 முதல் 29 பேர் வரை உள்ள சின்ன இடங்கள் விரும்பினால் எடுக்கலாம்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். சட்டத்துக்குக் கணக்குக் காட்ட ஆள் எடுக்கும் இடமும் உண்டு, நிஜமாகவே ஆள் தேவைப்பட்டு எடுக்கும் இடமும் உண்டு. அறிவிப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்தறிய நேர்முகத்தில் ஒரு கேள்வி போதும்: "போன வருடம் முடித்த அப்ரண்டிஸ்களில் எத்தனை பேர் இப்போது இங்கேயே வேலையில் இருக்கிறார்கள்?" கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று அதே 2014 திருத்தம் சொல்கிறது. கேட்டவுடன் மழுப்பினால், அங்கே பாடம் கிடைக்கலாம், வேலை கிடைக்காது. பக்கத்திலேயே அச்சும் கருவியும் செய்யும் ஒரு சிறு டூல் ரூம் பட்டறையில் ஒருவரை மட்டும் எடுத்து, முடிந்ததும் அவரை விடாமல் வைத்துக்கொள்ளும் முதலாளியும் இருப்பார். பெயர்ப் பலகையின் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பது என் கருத்து.

அடுத்தது பணம். 2019 விதித் திருத்தத்தின்படி மாதக் குறைந்தபட்ச உதவித்தொகை, 5 முதல் 9-ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 5,000 ரூபாய், 10-ஆம் வகுப்புக்கு 6,000, பிளஸ் டூ அல்லது ஐடிஐ முடித்தவர்களுக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிகளுக்கு 9,000. பயிற்சி இரண்டாம் ஆண்டுக்கும் நீண்டால் 10 சதவீதம் கூடும். 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் மன்றம் இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது. சேரும்போது நடப்புத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம், குறைத்துத் தரக் கூடாது. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தன் பங்காக உங்கள் வங்கிக் கணக்கிலேயே போடும். சென்னையிலோ ஓசூரிலோ அறை எடுத்துத் தங்கினால் இந்தப் பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். அதனால் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய இடத்தை முதலில் தேடுவது நல்லது.

அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். ஆகவே பி.எப்., போனஸ் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வேலை செய்யுமிடத்தில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. தொழிற்சாலையின் பாதுகாப்பு விதிகள் அப்ரண்டிஸுக்கும் பொருந்தும். தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் நிறுவனம் உங்களிடம் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. ஆறு மாதமாக டீ வாங்கவும் பைல் தூக்கவும் மட்டுமே அனுப்புகிறார்கள் என்றால், அது பயிற்சி ஒப்பந்தத்தை மீறுவது. அந்த அதிகாரியிடமே புகார் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் அந்த ஒப்பந்தம்தான் ஆதாரம். அதில் கையெழுத்தாகி இணையதளத்தில் பதிவாகாமல் ஒரு நாள்கூட வேலையில் நிற்காதீர்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு அப்பா, அம்மா அல்லது காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

அரசுத் துறை இடங்களுக்குப் போட்டி அதிகம். பெரம்பூர் ஐசிஎப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் அறிவிப்பு விடுகின்றன. ஐசிஎப்பில் ஐடிஐ முடித்தவர்களுக்கும், ஐடிஐ படிக்காமல் பள்ளிப் படிப்போடு வரும் புதியவர்களுக்கும் தனித்தனி இடங்கள். எழுத்துத் தேர்வு இல்லை, மதிப்பெண் வரிசைதான். ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்குப் பின்னால் ஒரு சலுகை உண்டு: லெவல் 1 எனப்படும் தொடக்கநிலைப் பணிகளுக்கான நேரடி நியமனத்தில் 20 சதவீத இடங்கள் அவர்களுக்கு. தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும், ஆனாலும் போட்டி கொஞ்சம் குறையும். "ரயில்வே அப்ரண்டிஸ் என்றால் ரயில்வே வேலை" என்று யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று.

சரி, எந்தப் பிரிவில் சேருவது? பிரிவின் பெயரை நம்ப வேண்டாம். ஷாப் ப்ளோரில் எட்டு மணி நேரம் நிற்க உங்கள் உடம்பு ஒத்துழைக்குமா, வெர்னியர் என்ற அளவுக் கருவியில் ஐம்பதில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குப் பொறுமையாக அளக்க வருமா, வாடிக்கையாளரின் கத்தலைக் கேட்டுக்கொண்டு கணக்கு முடிக்க முடியுமா என்று யோசியுங்கள். அப்புறம் உங்கள் மாவட்டத்தில் அந்த வேலைக்கு எத்தனை இடங்கள் அறிவித்திருக்கிறார்கள் என்று இணையதளத்தில் தேடுங்கள். கோவையில் பம்பு, மோட்டார் பட்டறைகள் இருக்கும் அளவு ராமநாதபுரத்தில் இருக்காது. ஒருமுறை பயிற்சியை முடித்தவரையோ, ஓராண்டுக்கு மேல் வேலை அனுபவம் உள்ளவரையோ பல அறிவிப்புகளில் ஏற்பதில்லை. அதனால் கிடைத்த முதல் இடத்தில் அவசரப்பட்டு உட்கார வேண்டாம்.

ஐடிஐக்காரர்களும் பள்ளிப் படிப்பு முடித்தவர்களும் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் பதியலாம். டிப்ளமோ, டிகிரி படித்தவர்களுக்கு நாட்ஸ் என்ற தனி இணையதளம்; தென் மாநிலங்களுக்கு அதை நடத்தும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இரண்டிலும் கட்டணம் இல்லை. மாவட்டங்களில் நடக்கும் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாமுக்கும் நேரில் போகலாம். தேதியை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். போகும்போது மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்கு விவரம் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று முன்தினமே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அரசின் பங்கு வந்து சேராது.